பத்துப் பேர் ஏற வேண்டிய பஸ்

எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் எட்டு பூட்டிக் கிடந்தன. மீதிப் பதினான்கு வீடுகளில் முப்பத்தொரு பேர் இருந்தோம். இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல வேண்டுமே என்று வைத்திருந்தேன்.

தோட்ட ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் செக்ரோல் கிராணியாக, அதாவது வருகை எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று புத்தகத்தில் குறிப்பதுதான் என் வேலை. வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. என் வாசலிலிருந்து பஸ் கொட்டகைக்கு இருநூற்றுப் பதினாறு காலடி. கொட்டகைக்கு மேலே பதினொரு தகரம். அதில் மூன்று ஒழுகும். என் மனைவி இதைக் கேட்டுச் சில நாள் சிரிப்பாள், சில நாள் எரிந்து விழுவாள்.

இப்போது ஜொகூர் பாருவில் மகள் வீட்டில், பதினான்காவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாங்கள் ஏன் இங்கே வந்தோம் என்று கேட்பவர்களுக்கு மகள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறாள்: "அங்க பஸ்ஸை நிறுத்திட்டாங்க." அது சரிதான். ஆனால் பஸ் நின்றதில் என் பங்கு ஒன்று உண்டு. அதை ஒரு தடவையாவது முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் இடம் சாஆ என்ற சின்ன ஊரிலிருந்து வரும் பெரிய ரோட்டை விட்டு, செம்பனை எண்ணெய் மரங்களுக்குள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் நூற்று நாற்பது குடும்பம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். தோட்டம் கை மாறியது. பிள்ளைகள் பத்து பாகாட் என்ற ஊரின் பேக்டரிகளுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தோட்ட வேலைக்கு வெளிநாட்டுப் பையன்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தனி வீடுகள், தனி லோரி. பழைய ஆட்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மூலையில் நாங்கள் மிஞ்சினோம். நூற்று நாற்பது குடும்பத்துக்காக வந்த பஸ் மட்டும் யாரோ மறந்துவிட்டது போல வந்துகொண்டே இருந்தது. காலை ஆறு நாற்பதுக்கு உள்ளே வந்து திரும்பி, சாஆ வழியாகச் சிகாமட் டவுனுக்குப் போகும். மத்தியானம் ஒன்றரைக்குச் சிகாமட்டில் கிளம்பி இரண்டே முக்காலுக்கு எங்களைக் கொண்டுவந்து விடும். நாளுக்கு ஒரே நடை. ஞாயிற்றுக்கிழமை இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி சிகாமட்டில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். நான்தான் அளந்து ஊற்றுவேன். முறை ஒன்று தவறினால் கால் வீங்கும், இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். என் வலது கண் மங்கிப்போய் நான் கார் ஓட்டுவதை நிறுத்தியும் நாலு வருடம். ஆகவே அந்த பஸ் ஓடுகிற வரைதான் நாங்கள் அங்கே இருக்க முடியும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். 

ஒரு நாள் பஸ் டிரைவர் என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். சிகாமட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், எங்கள் எல்லோரையும் வீடு வாரியாகத் தெரிந்தவர்.

"அண்ணே, ஒரு பேச்சு அடிபடுது. உள்ள வர்ற நடையில பத்துப் பேருக்குக் கொறஞ்சா கட் பண்ணிருவாங்களாம்."

"எப்ப?"

"எப்பன்னு தெரியாது லா. திடீர்னு ஆள் அனுப்பி எண்ணுவாங்க. இப்ப பாருங்க, என்னையும் சேத்தாலே ஆறு பேருதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவரைச் சேர்த்து ஆறுதான்.

அன்று மத்தியானமே கணக்குப் போட்டேன். தினமும் கட்டாயம் பஸ் ஏறுகிறவர்கள் யார்? சாஆ பேரங்காடியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஆறு நாளும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் இருவர், ஐந்து நாள். நானும் மனைவியும் மூன்று நாள். குழந்தைகளையும் படுக்கையில் இருப்பவரையும் மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்களையும் விட்டுவிட்டால், சும்மா இருந்து ஏறக்கூடியவர்கள் பதினான்கு பேர். ஒவ்வொரு நாளும் பத்துப் பேர் ஆவதற்கு வாரத்தில் முப்பத்தெட்டு இடம் நிரப்ப வேண்டும். பத்துப் பேர் மூன்று நாள், மிகவும் முடியாத நாலு பேர் இரண்டு நாள் ஏறினால் முப்பத்தெட்டு. மிச்சமில்லாமல் வகுபட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

செக்ரோல் புத்தகத்தில் போடுவது போலவே கட்டம் கட்டி எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். சாயங்காலம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது ட்ராக்டர்காரர். தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் ட்ராக்டர் ஓட்டியவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர், என்னை மட்டம் தட்டுவதில் சலிக்காதவர்.

"அலமாக்! கிராணி மறுபடியும் பெரட்டு போட்டுட்டாரு. செத்தாலும் விட மாட்டாரு போல."

"உங்களுக்குச் செவ்வாய், புதன், சனி," என்றேன்.

"சரி. டவுனுக்குப் போயி நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். போயிட்டு வந்தா போதும்."

"இதுவரைக்கும் என் ஆயுசுல இப்பிடி ஒரு வேலை யாரும் குடுத்ததில்ல," என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் யாருக்காக ஏறச் சொல்கிறேன் என்று நான் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை.

அப்படித்தான் காரியமில்லாமல் டவுனுக்குப் போய் வரும் வழக்கம் எங்களுக்கு வந்தது. ஏழு மாதம் நடந்தது. முதல் இரண்டு வாரம் வெட்கமாக இருந்தது. ஒரு அம்மாள் ஒவ்வொரு தடவையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை மட்டும் வாங்கி வந்தாள். அவள் வீட்டுப் பின்னாலேயே கறிவேப்பிலை மரம் நின்றது. ட்ராக்டர்காரர் சிகாமட் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையைப் பிடித்துக்கொண்டார். தே ஓ என்கிற பாலில்லாத டீ ஒன்று வாங்கி வைத்து நாலு மணி நேரம் உட்கார்வார். கடைக்காரச் சீனர் அவர் வந்தால் கேட்காமலே விசிறியைத் திருப்பி விடுவார் என்று பெருமையடித்துக்கொள்வார்.

பிறகு அது தானாக வேறு மாதிரி ஆனது. ஏறுகிறவர்களில் ஒருவர், சில நாள் இருவர், என் மனைவியோடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அங்கே நாற்காலி பற்றாது. மாற்றி மாற்றி உட்கார்வார்கள். ஒருத்தி மருதாணி அரைத்துக் கொண்டுவந்து, ஊசி குத்தாத கையில் வைத்துவிட்டாள். தாதி திட்டினாள். இன்னொருத்தி சும்மாதானே இருக்கிறோம் என்று ரத்தம் சோதித்துப் பார்க்கப் போய், சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரிந்து மருந்து தொடங்கினாள். பல வருடம் பேசாமல் இருந்த இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களை நான் தெரியாமல் ஒரே வியாழக்கிழமையில் போட்டுவிட்டேன். ஒன்றே கால் மணி நேரம் பஸ்ஸில் எத்தனை நாள்தான் ஜன்னலைப் பார்ப்பது? நான்காவது வியாழன் பேசிவிட்டார்கள். அப்புறம் அவர்கள் பேச்சை நிறுத்த முடியவில்லை என்று டிரைவர் முறையிட்டார்.

இதையெல்லாம் நான் திட்டமிடவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பத்து என்ற எண்ணிக்கை மட்டும். தினமும் எண்ணினேன். ஏழு மாதத்தில் பத்துக்குக் குறைந்தது மூன்று நாள்தான். ஒரு நாள் வெள்ளம், எங்கள் ரோட்டின் கீழ்ப் பாலம் மூழ்கியது, பஸ்ஸே வரவில்லை. இரண்டு நாள் ஒன்பது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒம்போதுக்கே இப்பிடின்னா," என்றாள் மனைவி, "எட்டானா உங்களையும் எனக்குப் பக்கத்துல படுக்க வைக்கணும்."

ஒரு செவ்வாய்க்கிழமை அன்று பஸ் திரும்பி வந்ததும் டிரைவர் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நாளைக்குத்தான். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆள் ஏறுது, எண்ணுது. ஒரே நாள்தான் எண்ணுவாங்களாம்."

அந்தச் சாயங்காலம் பதினான்கு வீட்டுக்கும் நடந்தேன். புதன்கிழமைக்கு எழுதியிருந்தவர்களோடு மற்றவர்களையும் கேட்டேன். பதினேழு பேர் வருகிறேன் என்றார்கள். ட்ராக்டர்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாதுன்னா சொல்லு கிராணி. முன்பக்கமா ஏறி, பின்பக்கமா எறங்கி, தொப்பி மாத்திக்கிட்டு மறுபடி ஏறுறேன்."

"பின்பக்கம் கதவே இல்ல."

"அதையும் எண்ணி வச்சிருக்கியா?"

அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. விடியற்காலை நாலே முக்காலுக்கு அவர் மனைவியின் குரல் கேட்டது. அந்த மாதிரிக் குரல் கேட்டால் எங்கள் இடத்தில் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். விளக்கைப் போட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை யாரும் வேலைக்கோ டவுனுக்கோ போக மாட்டார்கள். இது எப்போது யார் வைத்த வழக்கமோ தெரியாது. நான் கிராணியாகச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கிழவி இறந்தாள். அன்று பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை. துரை கோபமாக இருந்தார். நான் இளவயது; சட்டம் தெரிந்தவன் என்ற நினைப்பு. என் பிரிவில் இருந்த எழுபத்து மூன்று பெயருக்கும் நேரே வரவில்லை என்று குறித்தேன். அவர்களுக்கு அன்றைய நாள் கூலி இல்லாமல் போயிற்று. மறுநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றது இந்த ட்ராக்டர்காரர்தான்.

"கிராணி, உங்க வீட்டுலயும் ஒரு நாள் விழும். அன்னைக்கு நாங்க பெரட்டுக்குப் போறதா, உங்க வாசலுக்கு வர்றதா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா நல்லது."

 மூன்று வருடம் கழித்து என் அப்பா இறந்தார். அப்பா ரப்பர் பால் வெட்டியவர். கிராணியின் அப்பா என்பதால் கடைசிக் காலத்தில் யாரோடும் ஒட்டாமல் இருந்தார். அன்று காலை என் வாசலில் நூற்றுப் பதினெட்டுப் பேர் நின்றார்கள். ஆபீஸில் எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் அவர்களில் பெரட்டில் பெயர் உள்ள அத்தனை பேருக்கும் வரவில்லை என்று குறித்தார். ட்ராக்டர்காரர்தான் பாடையின் முன் கொம்பைப் பிடித்தார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. எல்லாவற்றையும் குத்திக் காட்டும் மனிதர், இதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்தப் புதன்கிழமை ஐந்தரைக்கு அவர் வீட்டு முன்னால் நின்றேன். உள்ளே பதினொரு பெண்கள். வெளியே ஆண்களும் பிள்ளைகளுமாகப் பதிமூன்று. மொத்தம் இருபத்து நாலு. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவரும் அவருடைய பேத்திகள்தான். சுவரோரம் ஒருத்தியையொருத்தி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேரங்காடிப் பெண் சீருடையைக் கழற்றிவிட்டு வேறு சேலையில் வந்து, எல்லோருக்கும் குடிக்கப் பாலில்லாத சாயத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். பிணம் எடுக்க மூன்று மணி ஆகும் என்றார்கள்.

முன்பு லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கையைப் பிடித்துச் சாக்கடை ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

"ஐயா, இன்னைக்குத்தான எண்ணுறாங்க?"

"ஆமா."

"அக்கா போயித்தான ஆவணும்?"

"போயித்தான் ஆவணும்."

"அப்ப நீங்க ரெண்டு பேரு. இன்னும் எட்டு." அவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. "நான் போய்ப் பேசுறேன் ஐயா. எட்டுப் பேரு ஏறி சாஆவுல எறங்கிருவோம். பின்னாலயே நாலு மோட்டாரு வரட்டும், திருப்பிக் கொண்டாந்துரும். ஒன்னரை மணி நேரம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அவர் சொன்னது நடக்கக்கூடியது. நான் அதற்குள் யார் யார் என்று எட்டுப் பேரைப் பொறுக்கியும் விட்டேன். ஏழு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். எட்டாவது ஆளைத் தேடி வீட்டுக்குள் பார்த்தேன். ட்ராக்டர்காரரின் மனைவி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கறிவேப்பிலை வாங்கி வரும் அம்மாள் அவளைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அந்த அம்மாளின் பெயர் புதன்கிழமைக் கட்டத்தில் இருந்தது. அவளைத்தான் நான் எழுப்ப வேண்டும்.

"வேணாம்," என்றேன்.

"ஐயா, பஸ்ஸு போயிருச்சுன்னா..."

"வேணாம்னா வேணாம். போயி சாவு வீட்டுக்குக் கூடாரம் போடுறதப் பாருங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி உடுத்தித் தயாராக இருந்தாள், ஆனால் பையை எடுக்கவில்லை. ஒரு முறை போகாவிட்டால் என்ன என்றாள். அவளையும் இழுத்துக்கொண்டு போய்த் துக்க வீட்டில் தலையைக் காட்டினேன். ட்ராக்டர்காரரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க கெளம்புங்க. அவரு இருந்தா இந்நேரம் உங்கள பஸ்ஸுல தூக்கி வச்சிருப்பாரு. மூணு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல?"

ஆறு நாற்பதுக்கு பஸ் வந்தது. முன்னால் ஓர் இளைஞர், மலாய்க்காரர், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு சின்ன இரும்புக் கருவி. ஆள் ஏறும்போது கட்டை விரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒன்று வைத்திருந்தேன். மனைவி ஏறினாள், டிக். நான் ஏறினேன், டிக். அவர் என் பின்னால் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. டிரைவர் வெளியே கூடாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தார்.

நான் அந்த இளைஞரிடம் மலாயில் சொன்னேன். இன்று எங்கள் இடத்தில் ஒரு சாவு, அதனால் யாரும் ஏறவில்லை, மற்ற நாளில் பத்துக்குக் குறையாது, வேண்டுமானால் ஏழு மாதக் கணக்கு என்னிடம் இருக்கிறது என்றேன். புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினேன். அவர் மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று, வருத்தமாக இருக்கிறது பாக்சிக் என்று மாமனைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டுச் சொன்னார். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி நாலு பக்கம் புரட்டினார். பிறகு, பஸ்ஸில் ஏறியவர்களை மட்டும்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"அதோ இருக்காங்க பாருங்க," என்று ஜன்னலைக் காட்டினேன். "இருபத்து நாலு பேரு. அதுல பதினாறு பேரு இந்த பஸ்ஸுல வர்றவங்கதான்."

அவர் பார்த்தார். அவர் கட்டை விரல் அசையவில்லை. அவர் மேல் குற்றமில்லை. எழுபத்து மூன்று பேரைக் குறித்தபோது நானும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

பஸ் ஆறு கிலோமீட்டரும் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறிய பிறகு மனைவி கேட்டாள். "கேட்டிருந்தா வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாங்க."

"கேக்காதது நல்லது." கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னாள்: "ஆனா இனிமே நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க விட மாட்டீங்க."

அன்று சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தாதி, "இன்னிக்கு உங்க கூட்டத்தைக் காணோமே," என்று கேட்டாள்.

மத்தியானம் அந்த இளைஞர் எங்களோடுதான் திரும்பினார். மறுபடியும் இரண்டு டிக். நாங்கள் வந்து இறங்கும்போது பாடை தூக்கத் தயாராக இருந்தது. டிரைவர் பஸ்ஸை அணைத்துவிட்டு இறங்கி, திருப்பம்வரை பின்னால் நடந்து வந்தார். இளைஞர் பஸ்ஸை விட்டிறங்கித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். பஸ் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அதையும் அவர் எழுதினாரா, தெரியாது.

ஆறு வாரம் கழித்துக் கொட்டகைச் சுவரில், என் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காகிதம் ஒட்டினார்கள். பயணிகள் போதாமையால் அடுத்த மாத முடிவோடு இந்த நடை நிறுத்தப்படுகிறது. நான் ஒன்பது கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் என் கடிதம் கிடைத்ததென்று இருந்தது. கடைசி நாள்வரை எல்லோரும் கட்டத்தில் போட்டபடியே ஏறினார்கள். ட்ராக்டர்காரரின் மூன்று இடத்தை அவர் மனைவி, முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் தன்னுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். ஏறி என்ன பயன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று சாக்கடை ஓரத்தில் நான் வேண்டாம் என்று சொன்னதையும் ஒருவரும் எடுக்கவில்லை. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பஸ் நின்ற பிறகும் நாங்கள் உடனே கிளம்பவில்லை. குலை ஏற்றியவர் தெரிந்தவரிடம் காய்கறி வேன் இரவல் வாங்கி வருவார். பத்து பாகாட்டில் ஷிப்டு வேலை செய்யும் பையன் லீவு நாளில் தன் காரில் கொண்டு போவான். இரண்டும் இல்லாத நாளில் மோட்டாரில் பெரிய ரோடு வரை போய் அங்கே வேறு பஸ் பிடிக்க வேண்டும். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரம் கழித்து வரும்போது அவளுக்குத் தலை நிற்காது. பேரங்காடிப் பெண் பின்னால் உட்கார்ந்து அவளை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை மழை, கீழ்ப் பாலம் மூழ்கிவிட்டது. அடுத்த முறையும் தவறியது. மூன்றாம் நாள் அவள் படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வீட்டில் ஆறு பெண்கள் நின்று விசிறினார்கள். தண்ணீர் வடிந்ததும் குலை ஏற்றியவர்தான் வேனில் கொண்டு சேர்த்தார். மகள் ஜொகூர் பாருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"போதும்பா," என்றாள். "அவங்களையும் இப்பிடி வேலை வாங்காதீங்க."

அவள் இரண்டாவதாகச் சொன்னதற்காகத்தான் நான் சம்மதித்தேன்.

இங்கே சுத்திகரிப்பு நிலையம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. லிப்டில் இறங்கி நானூற்று இருபது காலடி. மழை, பாலம் எதுவும் குறுக்கே வராது. அவள் உடம்பு முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. இதை நான் மறைக்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்கிறேன். எங்கள் மாடியில் பன்னிரண்டு வீடு. உள்ளே எத்தனை பேர் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் கிளம்பிய நாள் ஒரு திங்கட்கிழமை. மகள் முந்தின நாளே கார் கொண்டுவந்திருந்தாள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று நான்தான் நேரம் குறித்தேன். முந்தின நாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் ஆயிற்று. காலையில் மகள் பெட்டிகளை ஏற்றினாள். ஏழு பெட்டி, இரண்டு பாய், ஒரு குடம். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பூட்டிய வீடு ஒன்பது ஆயிற்று.

கார் திரும்பியதும் மனைவிதான் முதலில் பார்த்தாள். பஸ் கொட்டகைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். பேரங்காடிப் பெண் சீருடை போடவில்லை. மோட்டாரில் வேலைக்குப் போகிற பையன்கள் மோட்டாரை ஓரம் சாத்திவிட்டு நின்றார்கள். ட்ராக்டர்காரரின் பேத்திகள் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து பாகாட் பையன் ஷிப்டுக்குப் போகாமல் இருந்தான். மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்த கிழவியை, பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டுவந்து கொட்டகை நிழலில் வைத்திருந்தார்கள்.

"என்னங்க இது," என்றாள் மனைவி மெதுவாக. "சாவு வீடு மாதிரி ஒருத்தரும் வேலைக்குப் போகல."

மகள் காரை நிறுத்தினாள்.  ட்ராக்டர்காரரின் மனைவி ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் மனைவியின் கையைப் பிடித்தாள். கறிவேப்பிலை அம்மாள் ஒரு கொத்து ஒடித்துக் கொண்டுவந்து மடியில் போட்டாள். குலை ஏற்றியவர் என் பக்கம் வந்து குனிந்தார்.

"சரியா இருக்கா ஐயா?"

நான் என்ன என்று கேட்டேன்.

"எண்ணிக்கை லா. எண்ணியிருப்பீங்கள்ல?"

எண்ணியிருந்தேன். முப்பத்தொன்றில் ட்ராக்டர்காரர் ஒன்று, நாங்கள் இரண்டு, போக இருபத்தெட்டு. இருபத்தெட்டுப் பேரும் நின்றார்கள். சுவரில் என் கட்டம் மழையில் வெளுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.  தலையை ஆட்டினேன்.

"அப்ப சரி," என்று அவர் கார்க் கூரையில் இரண்டு தட்டு தட்டினார், பஸ் கண்டக்டர் போக விடுவது போல.